ஐந்து மணிக்குப் பேசும் என் குரல்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினாறு அழைப்புகள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களைத் திரையில் பார்த்து, எடை கேட்டு, காலை விரலால் அழுத்திக் காட்டச் சொல்வது என் வேலை. பள்ளம் விழுந்தால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் ஏழாம் கட்டிலில் இருந்த ரிட்டயர்டு கண்டக்டருக்கு ஒரே நாளில் ஒரு கிலோ கூடியிருக்கிறது. "நீங்க சொன்னபடிதான் நீர் மாத்திரையைப் பாதியாக்கிட்டேன் சிஸ்டர்."

நான் எப்போது சொன்னேன்?

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போன் பண்ணீங்களே."

நான் நாலரைக்கே கிளம்பிவிட்டேன். முழு மாத்திரை போடச் சொல்லி, டாக்டருக்கும் எழுதிவிட்டு வந்தேன்.

மார்ச் 4

இன்னும் அரைக் கிலோ. நேற்றும் நான் பேசினேனாம். அவர் மனைவியும் கேட்டாராம். "சாயங்காலம் பொறுமையாப் பேசுறீங்க. பகல்லதான் சிடுசிடுன்னு இருக்கீங்க."

சிரித்து வைத்தேன். முழு மாத்திரைதான் என்று மறுபடி சொன்னேன்.

மார்ச் 5

இன்று வீட்டுக்குப் போகாமல் அவரைத் திரையில் பிடித்து வைத்திருந்தேன். சரியாக ஐந்துக்கு அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் — அங்கே நான் பேசுகிறேன். "ஐயா, இன்னிக்கு எப்படி இருக்கீங்க? மாத்திரை பாதி போதும்."

அவர் என் உதட்டைப் பார்த்தார். போனைப் பார்த்தார். இரண்டையும் அணைத்துவிட்டார்.

மார்ச் 6

மேற்பார்வையாளர் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஜனவரியில் 'பயிற்சிக்கு' என்று நூறு வாக்கியம் வாசிக்க வைத்தார்களே, அதிலிருந்து கம்ப்யூட்டர் செய்த குரலாம். நாங்கள் இல்லாத நேரத்தில் அது பேசுமாம். மருந்துக் குறிப்பைக் கட்டில் எண்ணை வைத்து எடுக்கிறது. ஏழாம் கட்டிலில் இப்போது வேறு ஆள். பாதி மாத்திரை அவருக்கு.

"நிறுத்திட்டோம், விடுங்க."

கண்டக்டர் இதற்குள் மூச்சு முட்டி மறுபடி அட்மிட். என் பேச்சைக் கேட்டு.

மார்ச் 7

வீட்டில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

மார்ச் 13

கண்டக்டர் வீடு திரும்பிவிட்டார். திரையில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்த சிஸ்டர்?"

என்ன சொல்லி நிரூபிப்பது? அப்போதுதான் அவர் பின்னால் மேஜையில் உப்புக் கடலைப் பொட்டலம் கண்ணில் பட்டது. "காலு வீங்கிக் கிடக்கு, உப்புக் கடலை கேக்குதா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "இது நீங்கதான். அதுக்குத் திட்டத் தெரியாது."

அதையே அடையாளமாக வைத்துக்கொண்டோம். தினம் ஒரு திட்டு. எனக்கு அழுகை வந்தது, நிம்மதியில்.

மார்ச் 17

மேற்பார்வையாளர் நடைபாதையில் நிறுத்திப் பாராட்டினார். அழைப்புகள் எல்லாம் பதிவாகின்றனவே, கேட்டாராம். "நீங்க திட்டினா மனுஷன் சொன்னதைக் கேக்குறார். நல்ல விஷயம்."

நாளை லீவு. நன்றாகத் தூங்க வேண்டும்.

மார்ச் 19

எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. முழு மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன்.

"பாதிதானே சிஸ்டர்? நேத்து சாயங்காலம் அந்தத் திட்டுத் திட்டினீங்களே. அதான் நம்பிட்டேன்."

நேற்று நான் யாரோடும் பேசவில்லை. நிறுத்திட்டோம் என்ற அந்தக் குரல், பதிவான அழைப்புகளிலிருந்து திட்டக் கற்றுக்கொண்டு, பழைய ஏழாம் கட்டில் குறிப்பையே சொல்லியிருக்கிறது.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். திரையில் இனி நான் எதைச் சொன்னாலும் அதுவும் சொல்லும். கண்டக்டரின் முகவரியை எழுதிக்கொண்டு கிளம்புகிறேன். அவர் காலை என் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்.