ஈயத்தின் ஓரம்

நவம்பர் 18, செவ்வாய். கடலூர்.
காலையிலிருந்து மழை. நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு விடுமுறை. துணி எதுவும் காயவில்லை. யாஸ்மினின் கடைசி அத்தியாயம் திருத்த உட்கார்ந்தேன். சிதம்பரத்தில் என் பழைய ஆய்வகத்தில் எனக்குப் பின் சேர்ந்தவள். வெள்ளிக்கிழமை ஆய்வேடு சமர்ப்பிக்கிறாள்.

ஈய அணுக்கருவில் நியூட்ரான்கள் புரோட்டான்களைத் தாண்டி, ஓரத்தில் மெல்லிய தோல் போலப் படர்ந்திருக்கும். அதன் தடிமனைக் கணக்கிட்டதற்குத்தான் எனக்கு டாக்டர் பட்டம். அந்த எண்ணின் மேல்தான் அவளுடைய நான்கு வருடம்.

மூன்றாம் அட்டவணை. புரோட்டான் பரவலின் ஆரம் 5.50 ஃபெம்டோமீட்டர். வர வேண்டியது 5.44. என் பழைய நிரலைத் திறந்தேன். புரோட்டானுக்கே ஓர் அளவு உண்டு. அதைக் கழிக்க மறந்திருக்கிறேன். ஒரே வரி. அதனால் தோலின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மூன்று முறை சரிபார்த்தேன். சாப்பிடவில்லை.

நவ. 19, புதன்.
சிதம்பரம் பஸ். ஜன்னலோரம் ஒழுகல், புடவை நனைந்தது. எங்கள் வழிகாட்டியிடம் சொன்னேன். அட்டவணையை வெகுநேரம் பார்த்தார்.

"உன் பேப்பர் வந்து அஞ்சு வருஷம் ஆச்சு. ஒருத்தரும் கேக்கல. வெள்ளிக்கெழம முடியட்டும்மா."

"அவ ஆய்வேடு பூரா தப்பாயிடுமே சார்."

"நீ சொன்னாதான் தப்பு. அந்தப் பொண்ண நெனச்சுப் பாரு."

வெளியே வந்து அவளிடமே சொல்லிவிட்டேன். கேன்டீன். அவள் டீயைத் தொடவில்லை, அழவும் இல்லை.

"கணக்கெல்லாம் திரும்ப ஓட்ட எவ்ளோ நாள் ஆவும்க்கா?"

"ஆறு மாசம்."

"டிசம்பரோட என் பதிவு முடியுது. இனி நீட்டிக்க மாட்டாங்க. வீட்ல அத்தாவும் இதுக்கு மேல படிக்க விடமாட்டாரு."

நவ. 20, வியாழன்.
பால், மின்கட்டணம், குடை ரிப்பேர். என் பேப்பரை வெளியிட்ட ஆய்விதழுக்குக் கடிதம்: பிழை என்னுடையது, முடிவு தவறு. நான்கு முறை எழுதி, பதினொன்றேகாலுக்கு அனுப்பினேன்.

சார் போன். "அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன் சார்."

வைத்துவிட்டார்.

நவ. 24, திங்கள்.
மழை விட்டுப் புழுக்கம். வெள்ளிக்கிழமை யாஸ்மின் சமர்ப்பிக்கவில்லை. தப்பு என்று தெரிந்து கையெழுத்துப் போட முடியாது என்று சாரிடம் சொன்னாளாம். ஆய்வகத்துக்குப் போனேன். மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். லால்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, அடுத்த வாரத்திலிருந்து.

"எம்மேல கோவமா யாஸ்மின்?"

"நீங்க சொன்னது சரிதான்க்கா. நாலு வருஷம் முன்னாடியே ஒரு தடவ பாத்திருக்கலாம்ல?"

காகிதங்களை அடுக்கிக் கொடுத்தேன். பையில் போட்டுக்கொண்டாள்.