அபிக்கு ஒரு சோடி சப்பாத்து

பெப்ரவரி 3, செவ்வாய்

காலையில் கடும் பனி. வாவி தெரியவில்லை. வட்டையில் அறுவடை தொடங்கிவிட்டது. வயற்பக்கம் முழுக்க மெசின் சத்தம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அபியின் அப்பா ரமணனின் போன் கோல், லண்டனிலிருந்து. அபிக்கு விசா கிடைத்துவிட்டதாம். தானே வந்து கூட்டிக்கொண்டு போகிறானாம், இந்த மாதமே. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் தேத்தண்ணீரைக் குடிக்க மறந்துபோனேன்.

வைக்கும் முன் சொன்னான். "பிள்ளைக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்கிப் போட்டுப் பழக்குங்கண்ணன். இங்க சரியான குளிர். செருப்போட நடக்க ஏலா."

மலரிடம் சொன்னேன். ஓம் என்றாள். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சட்டி பானைகளை எடுத்து மறுபடி கழுவினாள்.

சுகந்தி இருந்திருந்தால் மூன்று பேருமாகப் போயிருப்பார்கள். மலரின் ஒரே தங்கச்சி, அபியின் அம்மா. பிள்ளை பிறந்து பத்து நாளில் காய்ச்சல், போய்விட்டாள். அபிக்கு ஏழு மாதமாக இருக்கையில் ரமணன் லண்டனுக்கு வேலைக்குப் போனான். அன்றிலிருந்து அவள் எங்களோடு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. மலர் ஒருநாளும் தன்னை அம்மா என்று கூப்பிட விடவில்லை. தங்கச்சியின் படத்தைக் காட்டி, இதுதான் அம்மா, நான் பெரியம்மா என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். அபியின் வாயில் அது 'பெம்மா'. நான் 'பெப்பா'.

பெப்ரவரி 7, சனி

மூன்று பேருமாகக் களுவாஞ்சிகுடிக்கு, சப்பாத்து வாங்க. குருமண்வெளிக்குப் போகிற பாதைப் படகில் சனம் அதிகம், இரண்டு உழவு இயந்திரமும் ஏற்றியிருந்தார்கள். அபி தண்ணீரைப் பார்த்து வாயே மூடவில்லை. மீன், மீன் என்று நடுவாவி வரைக்கும்.

சப்பாத்துக் கடையில் காலைப் பார்க்கவே இல்லை, வயதைத்தான் கேட்டார்கள். ரெண்டே கால் என்றதும் ஒரு பெட்டி. மலர் அதைத் தள்ளிவிட்டு இரண்டு இலக்கம் பெரிதாகக் கேட்டாள். பிள்ளையின் கால் அதற்குள் நீந்துகிறது. விழுந்துவிடுவாள் என்றேன்.

"வளர்ற புள்ளதானே. அடுத்த வருசமும் போடட்டும்."

நான் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு. அப்போதுதான் விளங்கியது. அடுத்த வருடமும் அபியின் கால் நாங்கள் வாங்கிக் கொடுத்ததற்குள் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

பெப்ரவரி 9, திங்கள்

வெயில். 9ஆம் வகுப்புக் கணக்குத் தாள்கள் இன்னும் திருத்தவில்லை.

முற்றத்தில் பயிற்சி. அபி சேற்றில் கால் வைக்கிற கொக்குப்போல ஒவ்வொரு காலையும் தூக்கித் தூக்கி. நான்கு எட்டு வைத்தாள், பிறகு குப்புற. முழங்கால் உரசல். எழுந்ததும் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலுடன் ஓட்டம். பிடிக்கவே முடியவில்லை.

மலர் சிரித்தாள். ஒரு கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

பெப்ரவரி 12, வியாழன்

இடது குதியில் கொப்புளம். உடைந்து, சப்பாத்துக்குள் போட்ட மேசெல்லாம் ஈரம். சப்பாத்தைக் கண்டாலே காலை மடக்கி வைத்துக்கொண்டு "வேணா பெம்மா" என்கிறாள்.

மலர் அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஊதினாள். "என்ட ஆசைக்குப் புள்ளட கால நோகடிச்சிட்டன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் கேட்காதது போல் எண்ணெய் எடுக்க உள்ளே போனேன்.

பக்கத்து வீட்டு அக்கா மாலையில் வந்தாள். வளர்த்தவர்களுக்கும் உரிமை உண்டாம், வழக்குப் போடலாமாம், ஆரோ போட்டு வென்றார்களாம். மலர் பூசணிக்காய் ஒன்று கொடுத்து அனுப்பினாள்.

பெப்ரவரி 14, சனி

மட்டக்களப்பு நகரம். கொப்புளம் காய்ந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளின் சாமான் மட்டும் விற்கிற கடை, மாடியில். முக்காடு போட்ட ஒரு பிள்ளை, கடையில் வேலை செய்கிறவள், காத்தான்குடியாம், தரையிலேயே எங்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பழைய சப்பாத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள், குறை சொல்லவில்லை. அபியை நிற்க வைத்து இரண்டு காலையும் அளந்தாள். இடது கால் ஒரு நெல்லளவு பெரிது. ஒன்றரை வருடத்துக்கு மேலாகக் குளிப்பாட்டுகிறவர்கள் நாங்கள், எங்களுக்குத் தெரியாது.

மூன்று சோடி போட்டுப் பார்த்தோம். மூன்றாவது, கடல்நீலம், மேலே ஒட்டுப்பட்டி. பெருவிரலுக்கு முன்னால் கடைப் பிள்ளை தன் விரலால் அமத்திப் பார்த்தாள். குதியைப் பிடித்து அசைத்தாள். நடக்கச் சொன்னாள். அபி கண்ணாடிவரை போய், கண்ணாடிக்குள் நிற்கிறவளின் காலைப் பார்த்து, திரும்பி ஓடி வந்தாள். விழவில்லை.

மலர் கேட்டாள், இது எவ்வளவு காலத்துக்குக் காணும் என்று.

"இந்த வயசில கால் கெதியா வளரும் அக்கா. மூணு மாசம். மிஞ்சினா நாலு."

"மூண்டு மாசந்தானா?"

"அதுக்குப் பொறகு வந்து பெருசு எடுங்க. பெருசா இப்பவே எடுத்தா நடை பழுதாகும்."

மலர் தலையாட்டினாள். இதையே கட்டித் தாருங்கள் என்றாள். அந்தப் பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டே, "உங்கட நடைதான் புள்ளைக்கும், அப்பிடியே உம்மாவப் போல" என்றாள். நான் அம்மா இல்லை என்று மலர் திருத்தவில்லை. எப்போதும் திருத்துகிறவள்.

பெப்ரவரி 18, புதன்

இப்போது கழற்றத்தான் அழுகை. சாப்பாடும் சப்பாத்தோடு. ஒழுங்கை முழுக்க வீட்டுக்கு வீடு நடந்து காட்டியாகிவிட்டது. நாய்க்கும் காட்டியாகிவிட்டது.

நன்றாக நடக்கிறாள். நாங்கள்தான் பழக்கினோம்.

பெப்ரவரி 21, சனி

ரமணன் வந்துவிட்டான். மெலிந்து, முன்தலை ஏறி. வாசலில் முழங்காலில் இருந்து கையை நீட்டினான். அபி மலரின் சீலைக்குள். போனில் தினமும் முத்தம் கொடுக்கிற பிள்ளை. போனில் இருக்கிற அப்பா வேறு ஆள் போலும்.

பகல் முழுவதும் அவள் பக்கத்தில் போகாமல் தூரத்திலேயே இருந்தான். சோறு இறங்கவில்லை அவனுக்கும்.

பெப்ரவரி 24, செவ்வாய்

மலர் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். சோற்றைப் பருப்போடு நன்றாகப் பிசைய வேண்டும், பொரியல் வேறாக. தலைக்கு வார்த்தால் கண்ணை மூடச் சொல்லிப் பாட வேண்டும். நித்திரைக்குக் காது வேண்டும், பிடித்துக்கொண்டுதான் உறங்குவாள், யாருடைய காதென்றாலும் பரவாயில்லை. முதலில் இடது சப்பாத்து, பிறகு வலது, மாறிப் போட்டால் சண்டை. அவன் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பின்நேரம் அவனே போட்டுவிட்டான். ஒட்டுப்பட்டியை இறுக்கி, கழற்றி, மறுபடி. அபி காலை இழுக்கவில்லை. அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த மலர் திடீரென்று கேட்டாள். எனக்குக்கூடச் சொல்லவில்லை, கேட்கப் போகிறாள் என்று.

"தம்பி, ஒரு வருசம் விட்டுட்டுப் போங்களன். ஒரேயொரு வருசம்."

ரமணன் சப்பாத்தைப் பிடித்தபடியே இருந்தான்.

"இன்னொரு வருசம் போனா நான் அவளுக்கு ஆரோ ஒரு ஆள் அக்கா. சுகந்தியும் இல்ல. இவளும் இல்லாட்டி எனக்கு ஆரு?"

அழுதான். பெரிய மனிதன், பிள்ளைக்கு முன்னால். அபி அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, ஈரக் கையை அவன் சேட்டிலேயே துடைத்தாள்.

மலர் எழுந்து போய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "குடிங்க. நான் கேட்டிரிக்கக் கூடா" என்றாள். அதோடு முடிந்தது. வழக்கு, உரிமை எல்லாம்.

அவன்மேல் கோபப்பட ஏதாவது இருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

பெப்ரவரி 27, வெள்ளி

மழை வரும்போல இருந்து வரவில்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவர்களை ஏற்றிப்போக வான் வந்தது. கட்டுநாயக்கா விமான நிலையம்வரை நாங்கள் போவதில்லை என்று முன்னமே பேசிக்கொண்டோம். அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போகிற பிள்ளையைப் பார்க்க எங்களால் ஏலாது.

மலர் தலைவாரி, பொட்டு வைத்து, மேஸ் போட்டு, சப்பாத்துப் போட்டுவிட்டாள். தூக்கிக்கொண்டு போகவில்லை. கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள், வாசற் படலைவரை. அபிக்குச் சந்தோசம், வானில் ஏறப்போகிற சந்தோசம். தானே படியில் கால் வைத்து ஏறினாள். உள்ளே இருந்து "பெம்மா ஏறு" என்றாள். பிறகு "பெப்பா ஏறு".

கதவைச் சாத்தியது நான்தான். ரமணன் கையால் செய்ய முடியவில்லை.

வான் திரும்பும்வரை அழுகைச் சத்தம் இல்லை. அதன் பிறகு கேட்டது. பிள்ளையார் கோயில் தாண்டும் வரைக்கும் கேட்டது.

மலர் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கையை எடுத்துவிட்டேன். விரல்கள் மரத்துப்போயிருந்தன.

மார்ச் 2, திங்கள்

பள்ளிக்கூடம். தாள்கள் கொடுத்தேன். ஒரு கணக்கைக் கரும்பலகையில் பிழையாகச் செய்துவிட்டேன், பிள்ளைகள் சொல்லவில்லை.

மலர் சாப்பிட்டேன் என்கிறாள். நம்பவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நல்ல வெயில். நெல் காய்கிறது, தெருவில் பாதிக்கு எல்லார் வீட்டு நெல்லும்.

மத்தியானம் கடந்து ரமணனின் கோல், மலர் ஸ்பீக்கரில் போட்டாள். அங்கே காலை. அபி முதல் இரண்டு நாளும் அழுதாளாம், இப்போது இல்லையாம். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அவனுடைய அக்காவோடும் சேர்ந்துவிட்டாளாம். குரலில் ஒரு பெருமை.

"சப்பாத்த நல்லாப் பழக்கி அனுப்பியிருக்கிறீங்க அக்கா. விடிஞ்சதும் தானே எடுத்துப் போட்டுட்டு, கதவடியில போய் நிக்கிறாள். பனியெண்டாலும் வெளியில போக அவ்வளவு விருப்பம்."

மலர் கேட்டாள்.

"நிண்டு என்ன சொல்றாள் தம்பி?"

விளங்கியிருக்கும் அவனுக்கும், அந்த இடத்தில்தான்.

"உங்களட்டப் போகோணுமாம் அக்கா."

மலர் போனை மற்றக் கைக்கு மாற்றினாள். குரல் உடையவில்லை. எப்படி என்று தெரியவில்லை.

"கதவத் திறந்துவிடுங்க. கையப் பிடிச்சிக்கிட்டு கொஞ்சத் தூரம் நடங்க. எங்கயெண்டு கேட்டா, அங்கதான் எண்டு சொல்லுங்க. களைச்சிருவாள். பிறகு தூக்கிட்டு வாங்க."

"சரியக்கா" என்றான்.

போனை வைக்காமலேயே எழுந்து போனான் போலும். கதவு திறக்கிற சத்தம் கேட்டது.