அடிக்குறிப்பு

மச்சானுக்கு,

கடற்காற்றில் மின்சாரம் எடுப்பது பற்றிய உங்கள் ஆய்வுக்கட்டுரையை வாசித்தேன். பெரியகல்லாற்றுக் கரையில் நீங்கள் பூட்டிவிட்டுப் போன மெசினைப் பார்த்து, பதினான்கு மாதம் நான் எழுதியனுப்பிய காற்றின் வேகமெல்லாம் அதில் இருக்கிறது. என் பெயர் மட்டும் இல்லை. அடிக்குறிப்பில், "உள்ளூர் உதவியாளரின் கவனக்குறைவால் பதினொரு நாள் தரவு கிடைக்கவில்லை" என்று போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பதினொரு நாளும் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நோர்வேயிலிருந்து போன் எடுத்தீர்கள்.

"அப்ப மெசினை ஆரு பாக்கிற?"

ஏழாம் மாதத்தில் பிறந்து, அழாமலே போன நம் மகனை உங்கள் தம்பிதான் சேமக்காலையில் அடக்கம் செய்தார். நீங்கள் மாநாட்டில் இருந்தீர்கள்.

அடிக்குறிப்பைத் திருத்தும்படி அந்த ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். காரணத்தை நான் எழுதவில்லை. உங்களிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அவனைப் பெற்றவள்