கைப்பிடியில் கட்டாத துணி

மச்சான்,

நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள நான் சிதம்பரத்துக்கு உம்மா வூட்டுக்குப் போறேன். மறுபடியும் வாசல்ல நின்னு உங்கள வழியனுப்ப என்னால முடியாது.

இடியாப்பம் ஹாட்பாக்ஸ்ல இருக்கு. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கழுத்துப் பையில வச்சுட்டேன், சட்டைக்குள்ள போட்டுக்குங்க. சாவிய பக்கத்து வூட்டு ரூமானாகிட்ட குடுங்க.

புது ட்ராலி பொட்டி ஸ்டைலா இருக்கு, அடையாளத்துக்குன்னு அதுல பழைய புடவைத் துணிய கட்டுனா அசிங்கம்னு நேத்து கத்துனீங்க. சரி, கட்டல. துபாய் ஏர்போர்ட்ல எல்லாப் பொட்டியும் கறுப்பாத்தான் வரும். உங்களோடத நீங்களே தேடிக்குங்க.

சுல்தானா

மறந்துட்டேன். எனக்குன்னு ஜோடியா வாங்குன சின்ன ட்ராலி, கவர்கூட பிரிக்காம கட்டிலுக்கு அடியில கெடக்கு. அந்தத் துணிய கவர் மேலயே அதுல கட்டி வச்சிருக்கேன். என்னைக்காவது என்னையும் கூட்டிட்டுப் போனா, என் பொட்டி எதுன்னு உங்களுக்குத் தெரியணும்ல.