சேங்கொட்டைக் குறி போட்ட பேய்

நேற்று மத்தியானம் ஏதோ ஒரு சேனலில் நம்முடைய பேய்ப் படம் போட்டார்கள். மூன்றே நாளில் தியேட்டரை விட்டுப் போன படம். யார் தேடி எடுத்தார்களோ. பேய் கிணற்றடியைச் சுற்றி வந்து திரும்பியது. புடவைத் தலைப்பின் மூலையில் இரண்டு புள்ளி, ஒரு பெருக்கல் குறி. உன் புடவையேதான். உடனே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஏழு மாதமாகிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

எழுபதுகளின் தொடக்கம். தி. நகர் ஆபீசில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து டைப்ரைட்டர். உனக்கு இருபத்தாறு வயது, கணவர் போய் இரண்டு வருஷம், மாமியார் உத்தரவுப்படி வெள்ளை வாயில் புடவை. மயிலாப்பூரில் உன் தெருவில் நீ எதிரே வந்தால், கிளம்பியவர்கள் எதையோ மறந்ததுபோல் வீட்டுக்குள் திரும்பிவிடுவார்கள். அதனால்தான் என் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றாய். "நீ நன்னா இருக்கணும்டீ. அதான் வரலைங்கறேன்." எனக்கு வந்த கோபத்தில் மூன்று நாள் உன்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். சமாதானத்துக்கு நான்தான் உன்னை மாட்னிக்கு இழுத்துப் போனேன், என்ன படம் என்றுகூடப் பார்க்காமல். பேய் காற்றில் மிதந்து வந்தது. அதை இழுத்த கயிறும் கூடவே வந்தது. கதாநாயகனைத் துரத்துகிற அவசரத்திலும், சேற்றைக் கண்டதும் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நடந்தது. நான் சிரித்து முடிப்பதற்குள் என் கையைக் கிள்ளினாய்.

"மூலையைப் பாருடீ! எங்காத்துக் குறி! எங்காத்துப் புடவை!"

உன் வீட்டுத் துணிக்கெல்லாம் சலவைக்காரர் சேங்கொட்டையால் போடும் குறி. காணாமல் போன அந்தப் புடவையைக் கேட்டால் ஆறு மாதமாக, "கஞ்சி போட்டுக்கினு கீறேம்மா, நாளைக்கு வந்துடும்" என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். வடபழனியில் சினிமாக்காரர்களுக்கு இரவல் கொடுத்துவிட்டு!

கடைசிக் காட்சியில் மந்திரவாதி கற்பூரத்தை எறிய, புடவை பற்றி எரிந்தது. நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். "எரிச்சுட்டான்டீ! பாக்கி மூணையும் அவன்கிட்டயே கொடுத்துடலாமா?"

வெளியே வந்ததும் உன் சிரிப்பு நின்றுவிட்டது. "பேய்னா அவாளுக்கும் இந்தப் புடவைதான் தோணித்து பாரு" என்றாய். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "ஆனா அவ சேறு பட்டுடுமேன்னு தூக்கிண்டா. பாவம், என்னை மாதிரி ஒரு பொண்ணுதான்."

என் கல்யாணத்தன்று கத்தரிப்பூ நிறப் புடவையில் வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் நீதான் பன்னீர் தெளித்தாய். என் அத்தை உன்னை ஏற இறங்கப் பார்த்து, "வெள்ளை எங்கேடி?" என்றாள்.

"சினிமால எரிஞ்சு போயிடுத்து, மாமி."

அன்றைக்குப் பயந்து ஒதுங்கியது அத்தைதான்.

அதன் பிறகு நாம் தேடித் தேடிப் பார்த்த ஓட்டைப் படங்கள்தான் எத்தனை! நன்றாக எடுத்த பேய்ப் படம் உனக்குப் பிடிக்காது. "அதுல பேய் மட்டும்தான் தெரியறது. இதுல அந்தப் பொண்ணும் தெரியறா" என்பாய்.

நேற்று புடவை எரிந்த கட்டத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். மருமகள் அடுக்களையிலிருந்து ஓடிவந்து, "பேய்ப் படம் பார்த்துண்டா சிரிக்கறேள்?" என்றாள். பேயில்லை, என் சிநேகிதியின் புடவை என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது.

என்னவர் போனபோது, இனி நான் என்ன நிறம் உடுத்துவது என்று உறவெல்லாம் கூடிப் பேசியது. நீ அந்தக் கத்தரிப்பூப் புடவையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாய். நைந்து நூலாகிவிட்டது. நேற்று படம் பார்க்கும்போதும் அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தேன்.