எம்.பி.ஏ.வுக்கு ஒரு மனப்பாடம்

13.2.1996, செவ்வாய்

எரிச்சல் அடங்கவில்லை. எம்.பி.ஏ. சேரப்போகும் பெண்களுக்கென்று திருவனந்தபுரத்தில் தனிப் பயிற்சி வகுப்பாம். மகள் ஜெஸி இரண்டு மாதமாக நெய்யாற்றின்கரையில் ரயிலேறிப் போய் வருகிறாள். நாளை மறுநாள் நேர்முகத் தேர்வு. இன்று மாலை நான் கல்லூரிக்காரர் போல உட்கார்ந்து, "எதுக்கு மக்கா இந்தப் படிப்பு?" என்று கேட்டேன்.

கைகளை மடியில் கோத்து, அளவாகச் சிரித்து, இங்கிலீஷில் ஒப்பித்தாள். ஞாயிறு பள்ளிப் போட்டியில் பிள்ளைகள் வேத வசனம் சொல்லும் அதே ராகம். பத்தாம் வகுப்பில் தோற்ற எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அது அவள் பேச்சு இல்லை. வகுப்பில் எல்லாப் பெண்களுக்கும் இதே பதில்தானாம். சிரிப்பும் சொல்லிக்கொடுத்ததாம். இதற்குப் பெயர் பயிற்சியா? நன்றாகப் பேசுகிறவளின் வாயைக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

"அத விடு. உள்ளத சொல்லு."

"உள்ளதா? ஒங்கள மாதிரி கடை நடத்தப்பிடாதுன்னுதான். வாழக்கொலை கறுத்த பெறவு வெலைய கொறைக்கிய ஆளாக்கும் நீங்க. முந்தின நாளே கொறச்சா அம்புட்டும் வித்துப்போவும்."

அமரவிளையில் இருபது வருடமாக வாழைக்குலைக் கடை நடத்தும் எனக்கு இது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

"மக்கா, இதையே அங்க சொல்லு. எம் மானம் போனா போட்டும்."

"போங்கப்பா. வீட்டுக் கொறைய பேசப்பிடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்கு. உள்ளத சொன்னா சீட்டு தருவினுமா?"

தருவார்கள் என்று நான் எதை வைத்துச் சொல்வது? அவள் வகுப்பில் கொடுத்த பதில் தாளை எடுத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஒப்பிக்கத் தொடங்கினாள்.