பழைய டயரே மாட்டினோம்

வட்டவளை, ஆடி 9, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. கராஜில் செய்த வேலையெல்லாம் வீண்.

தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன் பாதையில் பிக்கப் அடிக்கடி சேற்றில் புதைகிறதென்று, வண்டியை உயர்த்திப் பெரிய டயர் போடச் சொன்னார் தோட்டத்து உதவி மேனேஜர் சின்னத்துரை. ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து உயர்த்தினேன். இன்று அவரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு டிரைவர் செல்வம் ஓட்டினான். அவன் என் மனைவியின் தம்பி. சேற்றை வண்டி சுலபமாகத் தாண்டியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் கோயில் வளைவில் ஸ்டியரிங் பாதியில் நின்றுவிட்டது. டயர் உள்ளே ஸ்பிரிங்கில் இடித்துக்கொண்டது. பள்ளத்தின் விளிம்பில்தான் வண்டி நின்றது.

செல்வம் கீழே இறங்கினான். "ஆளுங்கள ஏத்திக்கிட்டு இதுல போகமாட்டேங்க தொரை."

சின்னத்துரை என்னிடம், "இன்னும் கொஞ்சம் ஒசத்து. காலையில கொழுந்தெடுக்கப் பொம்பளைங்க போகணும்" என்றார்.

"எவ்வளவு ஒசத்தினாலும் இடிக்குங்க தொரை. டயர் ரொம்ப அகலங்க."

"சொன்னதைச் செய்."

அந்தப் பெண்களில் என் மனைவியும் ஒருத்தி. சாயந்தரம் செல்வமும் நானும் கட்டைகளைக் கழற்றிவிட்டுப் பழைய டயர்களையே மாட்டினோம். பெரிய டயர்களை ஒளித்துவைக்க மனம் வரவில்லை. அவர் கண்ணில் படும்படி கராஜ் வாசலிலேயே சாய்த்து வைத்தேன்.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில், எல்லார் முன்னாலும் என்ன சொல்வாரோ. வேலை போனால் தோட்டம் தந்த லயத்து வீடும் போய்விடும். இவளிடம் சொன்னேன்.

"சேத்துல பொதைஞ்சா நாங்க எறங்கித் தள்ளிக்கிறோம். நீங்க வெளக்க அணைச்சிட்டுப் படுங்க" என்கிறாள்.